வீடியோவில் வராத இடது கால்

சென்ற மாதம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஒரு பெரிய தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிட்டாராம். தன் கட்சி வேட்பாளரின் பெயரையே மாற்றிச் சொன்னாராம். அந்தத் தலைவர் யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் என்னைத் திட்டுவீர்கள், மீதிப் பேர் பாராட்டுவீர்கள். இரண்டையும் தாங்கும் வயது எனக்கு இல்லை.

“மேடம், வீடியோவ வாட்ஸ்அப் பண்றேன். பாத்துட்டு அவர் மனநிலை சரியா இருக்கா, இல்லையான்னு ஒரே ஒரு நிமிஷம் பேசினாப் போதும்” என்றாள்.

“அவரைக் கூட்டிட்டு வர்றீங்களா?” என்றேன்.

சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று மாலையே வேறொரு டாக்டர் அதே தொலைக்காட்சியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறதி நோயின் ஆரம்பம் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர், “எங்கள் தலைவர் சிங்கம் மாதிரி இருக்கிறார்” என்றார். சிங்கத்துக்கு மறதி வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

எங்கள் மனநல டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அன்றைக்கு அடிதடிதான். நாட்டை ஆளப்போகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை இல்லையா, நோய் கண்ணுக்குத் தெரியும்போது டாக்டர் வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனம் இல்லையா என்று இளையவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஓட்டு இருக்கிறது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. “நீங்க ஏன் மேடம் ஒண்ணுமே சொல்லல?” என்று என்னையும் இழுத்தார்கள். போனில் தட்டிச் சொல்கிற விஷயமாக அது இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்தது சென்னையில். பயந்து பயந்து படித்தேன், தேறினேன், டெல்டாவுக்கே திரும்பி வந்தேன், அவ்வளவுதான். திருவிடைமருதூர்ப் பெண்ணுக்கு மனநல மருத்துவம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் பலர் பிற்பாடு தனித்தனியாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அரசு மருத்துவமனையில் எங்கள் துறைத் தலைவரை எல்லோரும் சீஃப் என்றே சொல்வோம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சீரக மிட்டாய் இருக்கும். அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. அவருடைய ஆயுதமே வேறு. நோயாளி வராமல் அண்ணனோ மாமனாரோ வந்து ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நாங்கள் அதை வைத்துக்கொண்டு, “சார், இது இன்ன நோய்” என்று கம்பீரமாகச் சொல்வோம். சீஃப் நிதானமாக எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார். பிறகு பீரோவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்.

“ஆள் எங்கம்மா? இவ்வளவு விவரமா சொல்றீங்களே, இங்கதான் எங்கயாவது இருக்கணும்” என்பார்.

நோயாளியை அவர் அறைக்குள் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. தானே எழுந்து வாசலுக்குப் போவார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, “வாங்க, வாங்க” என்பார். அவரோடு கூடவே நடந்து அறைக்கு வருவார். அந்தச் சின்ன நடைக்குள் பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். கை வீசி நடக்கிறாரா, காலை இழுக்கிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா, செருப்பை எங்கே விடுகிறார், போகும்போது தன்னுடையதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறாரா, எல்லாவற்றையும் பார்ப்பார். உட்கார்ந்ததும் டீ வரும். டம்ளர் நடுங்குகிறதா என்று பார்ப்பார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, நடவு முடிந்ததா என்று ஊர்ப்பேச்சு கொஞ்ச நேரம் போகும். அதற்கப்புறம்தான் நாங்கள் புத்தகத்தில் படித்த கேள்விகள். கடைசியில் நோயாளியிடம் தனியாக, கூட வந்தவரிடம் தனியாகப் பேச்சு.

“மனநல டாக்டருக்குக் கால் எதுக்கு சார்?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“தலை மட்டும் தனியா வந்துச்சுன்னா தலையை மட்டும் பாருங்க” என்றார். ஒரு சீரக மிட்டாயும் கொடுத்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர் மருத்துவமனையில் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று குடும்பத்தாரிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றார்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தலைவர் இருந்தார். சோமசுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு அவர் சோமு அண்ணன். அறுபதுகளின் கடைசியில் இருந்தார். வாட்டசாட்டமான உடம்பு, சலவை வேட்டி, தோளில் துண்டு. எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மதகில் எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று மேடையில் காகிதம் இல்லாமல் சொல்வார். பொதுப்பணித் துறை அதிகாரிகள் அவர் வருகிறார் என்றாலே ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

குறுவைக்குத் தண்ணீர் கேட்டு நடந்த ஒரு கூட்டத்தில் அவர் பேசும்போது சட்டென்று நின்றுவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார். சிரித்தார். பிறகு, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். எப்போதோ மாற்றலாகிப் போன கலெக்டருக்கு நன்றி சொன்னார். யாரோ அதை போனில் எடுத்து, அடியில் ஒரு சினிமாப் பாட்டையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். சோமுவுக்குக் கழண்டுவிட்டது என்று ஒன்றியம் முழுக்கப் பேச்சு. அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர எதிரணி கவுன்சிலர்கள் நாள் குறித்துவிட்டார்கள்.

அந்தக் கவுன்சிலர்கள் என் அறைக்கே வந்தார்கள். முன்னால் நின்றவர் ராஜமாணிக்கம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“டாக்டர், நீங்களே பாருங்க. இவர் கையில ஒன்றியத்தை விட்டு வைக்கலாமா? புத்தி சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா தீர்மானத்தோட வச்சுக்குவோம்.”

வீடியோவைப் பார்த்தேன். மைக், அதற்கு மேல் ஒரு முகம், ஒரு துண்டு. பார்த்துவிட்டு, என்னையும் மீறி, மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். ராஜமாணிக்கம் பயந்துபோய்த் தானும் குனிந்து பார்த்தார். “என்ன டாக்டர் தொலைஞ்சுது?” என்றார். ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சோமு அண்ணனின் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் ஆளை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அண்ணன் கல்லு மாதிரி இருக்கிறார், புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதித் தரவேண்டுமாம். “அவரைக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

“இங்கயா? வெளியில என்ன போர்டு வச்சிருக்கீங்க பாருங்க. அண்ணன் இந்த வராந்தாவுல கால் வச்ச அடுத்த நிமிஷம் அது போன்ல ஊரைச் சுத்திரும்” என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. என் அறை வாசலில் மனநலப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

எல்லோரும் எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் நின்றார். காஜா மைதீன். நீடாமங்கலம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். இளவயதில் துபாய் போய், அங்கே கம்பெனி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டபோது, சோமு அண்ணன் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி அவரை ஊருக்கு வரவழைத்திருக்கிறார். அன்றிலிருந்து கடையை மகனிடம் விட்டுவிட்டு அண்ணனுக்கு ஓர் அடி பின்னால் நடப்பதே காஜாவுக்கு வேலை. அண்ணன் துண்டை எடுத்தால் மடித்து வைப்பார், மாத்திரையை நேரத்துக்கு நீட்டுவார், எதிரே வருகிறவர் பெயரைக் காதில் சொல்வார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லும்போது அவ்வளவு பெருமை.

“டாக்டரம்மா, அண்ணன் அடிக்கடி தலை வலிக்குதுங்கிறாங்க. நான்தான் தைலம் தேய்ச்சு விடறேன். உக்காந்த இடத்திலேயே தூங்கிடறாங்க. இதை அவங்க முன்னாடி சொல்ல முடியல. நம்ம ஆளுங்களே வெளிய விட்ருவாங்க” என்றார் தணிந்த குரலில்.

தலைவலியும் தூக்கமும் சேர்ந்தால் விஷயம் வேறு. நானே அவர் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நான் யார், எதற்கு வருகிறேன் என்று சோமு அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த மாதிரி நடித்துக்கொண்டு நான் யாரையும் பரிசோதித்ததில்லை. காஜா தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். அன்று சாயங்காலமே, அண்ணன் வரச் சொல்லிவிட்டார் என்று போன் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். மறுநாள் திங்கட்கிழமை தீர்மானம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது, அது எப்போது திறந்திருந்திருக்கிறது? காரில் உட்கார்ந்துகொண்டு, இதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். டாக்டரம்மாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பார்கள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பின்னால் மணல் லாரி நின்றிருந்தது, திரும்ப வழியில்லை. கேட் திறந்ததும் நேராகப் போனேன்.

வயல் ஓரமாக வீடு. கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை ஒரு செம்மண் பாதை. கார் சத்தம் கேட்டதும் சோமு அண்ணன் படியிறங்கி என்னை வரவேற்க நடந்து வந்தார். விருந்தாளி யாராக இருந்தாலும் கேட் வரைக்கும் வந்து அழைத்துப்போவது அந்த வீட்டு வழக்கமாம். சீஃப் வாசலுக்குப் போய் நோயாளியை அழைத்து வருவார். இங்கே நோயாளியே வாசலுக்கு வந்து என்னை அழைத்துப்போனார். எனக்கு வேண்டிய நடை தானாகவே கிடைத்துவிட்டது.

“வாங்க டாக்டரம்மா. எனக்குப் பைத்தியமான்னு பாக்க வந்திருக்கீங்களாமே? நல்லாப் பாருங்க. இருந்தா எனக்கும் சொல்லுங்க” என்று சிரித்தார். முகத்தில் ஒரு சோர்வு. பேச்சில் கொஞ்சம் மந்தம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். காஜா பின்னால் வந்தார்.

பாதி வழியில் காஜா குனிந்தது என் கண்ணில் பட்டது. ஏதோ கீழே விழுந்ததை எடுக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தார். நான்கு எட்டு போனதும் மறுபடி குனிந்தார். இந்த முறை நான் கீழே பார்த்தேன். சோமு அண்ணனின் இடது கால் செருப்பு கழன்று செம்மண்ணில் கிடந்தது. அவர் வெறுங்காலை வைத்து அடுத்த அடி எடுத்துக்கொண்டிருந்தார். செருப்பு போனது அவருக்குத் தெரியவே இல்லை. பேச்சு நிற்கவில்லை, நடை நிற்கவில்லை. காஜா ஓடிவந்து அதை அவர் பாதத்தில் நுழைத்துவிட்டார். அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார். பழகிய கை.

படியேறியதும் காஜாவைத் தனியாகக் கூப்பிட்டேன். “இது எவ்வளவு நாளா?”

“செருப்பா? அது ஒரு மாசமா இருக்கும்மா. வார் லூசு. கூட்டத்துல செருப்பு கழண்டு கிடந்தா அண்ணனுக்கு எவ்வளவு அசிங்கம்? அதான் நான் பாத்துக்கிறேன். புது ஜோடியும் வாங்கிப் போட்டுட்டேன்.”

“புது ஜோடியில எந்தக் கால் கழலுது, காஜா பாய்?”

“இடது...” என்றவர் நிறுத்தினார். “பழசுலயும் இடதுதான்.”

உள்ளே போய், சோமு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டே பரிசோதித்தேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. தூக்குங்கள் என்றேன். “தூக்கித்தானே வச்சிருக்கேன்” என்றார். பக்கத்தில் நின்ற காஜாவின் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். காஜாதான் ஞாபகப்படுத்தினார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ரேஷன் கடைத் திறப்பு விழாவில் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. பொறுமை இல்லாத அண்ணன் குனிந்து உள்ளே நுழையப்போய், ஷட்டர் விளிம்பில் மண்டையில் ஒரு இடி. எல்லோரும் சிரித்தார்களாம், அவரும் சிரித்தாராம். காஜா தேங்காய் எண்ணெய் தடவினாராம். இதயத்துக்காக அவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்தச் சின்ன இடியில் மண்டைக்குள் கசிந்த ரத்தம் வாரக்கணக்காகத் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுக்க வேண்டும். இருந்தால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார். தள்ளிப் போட்டால் ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார். இதை ஒளிக்காமல் சொன்னேன்.

“நாளைக்குத் தீர்மானம் டாக்டரம்மா. அதை முடிச்சிட்டு வர்றேன். இன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில படுத்தா அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடும்” என்றார். கூடத்தில் இருந்த அவருடைய ஆட்களும் அதையே சொன்னார்கள். ஒரு நாள்தானே, அண்ணன் சிங்கம், அதுக்குள்ள என்ன ஆயிடும். எனக்குக் கோபம் வந்தது. பார்க்காமலேயே பைத்தியம் என்றவர்களைவிட, பார்க்காமலேயே நன்றாக இருக்கிறார் என்றவர்கள்தான் அந்த மனிதரைக் கொல்லப் பார்த்தார்கள், அதுவும் முழுப் பிரியத்தோடு.

காஜா கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து அண்ணனுக்கு முன்னால் நின்றார். அவர் முன்னால் நின்று நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“அண்ணே, வண்டியில ஏறுங்க.”

“நீ சொல்றியா?”

“நான்தாண்ணே சொல்றேன். ஒன்றியம் போனாப் போவட்டும். ஏறுங்க.”

சோமு அண்ணன் கை நீட்டினார். காஜா பிடித்து எழுப்பினார்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கம், இடது கை காலை நடத்துகிற பக்கம், பிறை வடிவத்தில் ரத்தம் தேங்கியிருந்தது. அன்றே மண்டையில் சின்னத் துளை போட்டு அதை வெளியே எடுத்தார்கள். மறுநாள் மாலை சோமு அண்ணன் கண் விழித்து, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டாராம். தீர்மானக் கூட்டத்துக்குப் போதிய ஆள் வராமல் ஒத்திப் போட்டார்கள். எதிரணியிலேயே பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தார். எங்கள் ஊர்க்காரர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் நீடிக்காததற்கு இதுதான் காரணம். அந்தத் தீர்மானத்தைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

காஜா வராந்தாவின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அந்தச் செருப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஒவ்வொரு தடவையும் நான்தானே எடுத்து மாட்டி விட்டேன். நாலு பேர் முன்னாடி அது கழண்டு கெடந்திருந்தா எவனாச்சும் என்னான்னு கேட்டிருப்பான். நான் பாத்துப் பாத்து மறைச்சுட்டேனே டாக்டரம்மா” என்றார். அழுதார்.

“காஜா பாய், நான் செருப்பை முதல்ல பாக்கல. நீங்க குனிஞ்சதைத்தான் பாத்தேன். நீங்க குனியலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல. நடந்தது அதுதான்.

சோமு அண்ணன் பதவிக்காலம் முழுக்க இருந்தார். அதற்கப்புறமும் பல வருஷம் வாய்க்கால் வாய்க்காலாகச் சண்டை போட்டுவிட்டு, போன வருஷம்தான் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது காஜா என்னைக் கேட் வரைக்கும் வந்து அழைத்துப்போனார்.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில். ஆளப்போகிறவர் தெளிவாக இருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அவரை முறையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு ராஜமாணிக்கம் காட்டிய வீடியோவைப் பார்த்து நான் மறதி நோய் என்று எழுதியிருந்தால், எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வரியோடு சோமு அண்ணன் வீட்டிலேயே படுத்துச் செத்திருப்பார்.

இதை எழுத ஆரம்பித்த அன்று காஜாவைப் போனில் கூப்பிட்டு, உங்கள் கதையையும் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார். அவரும் அந்தப் பெரிய தலைவரின் வீடியோவைப் பார்த்திருக்கிறார், அந்தத் தலைவரின் கட்சி வேறு, காஜாவுக்கு அவரைப் பிடிக்காது. ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“டாக்டரம்மா, அவருக்கு ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா அவருக்குப் பின்னாடி நடக்கிற ஆள் ஒருத்தர் இருப்பாருல்ல? அவர் நம்பர் எங்கயாச்சும் கெடைக்குமா? நான் ஒரு வார்த்தை பேசணும்” என்றார்.

தொலைக்காட்சிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் அதில் தெரியவில்லை மேடம் என்றாள்.